உடம்புக்கு ஏத்த ஜாக்கெட்டா, ஜாக்கெட்டுக்கு ஏத்த உடம்பா? தைக்கக் கொடுக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

கடையில அளவு எடுக்கும்போதும் வாட்ஸப்லயும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்க இதெல்லாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி மாளல, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். ஜாக்கெட் பத்திதான் ஜாஸ்தி இருக்கும், உடம்போட ஒட்டி நிக்கிறது அதுதானே, அது சரியா வந்துட்டா சுடிதார் கவுன் எல்லாம் தானா வந்துடும்.

இன்னும் ஒரு அஞ்சு கிலோ குறைச்சுட்டு வந்து தைச்சுக்கட்டுமா?

வேணாங்க. "கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள இளைச்சிடுவேன், டைட்டாவே வெட்டிடுங்க"ன்னு சொல்றவங்க எல்லா முகூர்த்த சீசன்லயும் வருவாங்க, கடைசியில முந்தின நாள் ராத்திரி கொக்கி மாட்டலன்னு அழுதுக்கிட்டே போன் பண்ணுவாங்க. இன்னைக்கு இருக்கிற உடம்புக்குத் தைங்க. இளைச்சா பிடிச்சுக்கறது பத்து நிமிஷ வேலை. பெருத்தா பிரிச்சுவிட உள்ள துணி இருந்தாத்தான் முடியும்.

நம்ம ஊர் டெய்லருங்க ஜாக்கெட் உள்பக்கம் சைடுல ரெண்டு மூணு தையல் வரிசையா போட்டு வெக்கிறாங்களே, அதுக்குத்தான் அது. கணக்கு சொல்றேன் பாருங்க: சைடு தையலை கால் இஞ்ச் வெளிய தள்ளினா முன்துணில கால், பின்துணில கால், ஆக ஒரு சைடுக்கு அரை இஞ்ச், ரெண்டு சைடும் சேர்த்து சுத்தளவுல ஒரு இஞ்ச் கூடும். ஒன்றரை இஞ்ச் துணி உள்ள விட்டு வெட்டியிருந்தா அதுல அரை இஞ்ச் தையலுக்குப் போக மீதியில நாலு இஞ்ச் வரைக்கும் வழி இருக்கு, பிரசவம் ஆனாலும் தைராய்டு வந்து ஏறினாலும் பட்டு ஜாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலான ரெடிமேட்ல இந்த வசதி கிடையாது, அவங்களுக்குத் துணி மிச்சம் ஆகணும். ஒண்ணு மட்டும், சைடைப் பிரிச்சா சுத்தளவுதான் கூடும், மார்பு நிக்கிற இடம் மாறியிருந்தா டார்ட்டையும் (மார்புக்கு ஷேப் வர முன்துணில பிடிக்கிற மடிப்புத் தையல்) பிரிச்சு மாத்தணும், அதுக்குத் தனியா காசு கேப்பாங்க, நியாயம்தான்.

அளவு ஜாக்கெட் கொடுத்தா போதாதா, எதுக்கு டேப் வெச்சு அளக்கணும்?

பழைய ஜாக்கெட் துவைச்சுத் துவைச்சு இழுபட்டிருக்கும், அதுல இருக்கிற தப்பெல்லாம் புதுசுலயும் அச்சா வந்து உக்காந்துக்கும். நீங்க அஞ்சு வருஷமா தோள்ல பின் குத்திச் சமாளிக்கிற ஜாக்கெட்டைக் கொடுத்தா அதேதான் திரும்ப வரும். அளவு ஜாக்கெட் கொடுங்க, கழுத்து இறக்கம் கை நீளம் உங்களுக்கு எப்படிப் பழக்கம்னு தெரியறதுக்கு அது வேணும். ஆனா மார்பு அளவை உடம்புல எடுக்கணும்.

ரெண்டு பேருக்கும் மார்புச் சுத்தளவு 38ன்னு வெச்சுக்குவோம். ஒருத்தருக்கு அக்குளை ஒட்டி எடுக்கிற மேல்மார்பு அளவு 37, இன்னொருத்தருக்கு 34. முதல் ஆளுக்கு முதுகும் தோளும் அகலம், ரெண்டாவது ஆளுக்கு முதுகு சின்னது, மார்பு பெருசு. ரெண்டு பேருக்கும் 38ன்னு ஒரே பேட்டர்ன்ல வெட்டினா ரெண்டாவது ஆளுக்குத் தோள்ல தொளதொளன்னு நிக்கும், முன்னாடி கொக்கி பிச்சுக்கும். கடைக்காரங்க வெச்சிருக்கிற அச்சடிச்ச பேட்டர்ன் பெரும்பாலும் ரெண்டு இஞ்ச் வித்தியாசத்தை, அதாவது பி கப்பை மனசுல வெச்சுப் போட்டது. அதுக்கு மேல இருக்கிறவங்களுக்கு டார்ட்டை ஆழமாப் பிடிக்கணும், முன்துணி நீளத்தையும் கூட்டணும், இல்லன்னா பட்டி (மார்புக்குக் கீழ சுத்தி வர்ற துண்டு) மார்பு மேல ஏறி உக்காந்துக்கும். இதோட தோள்ல இருந்து பாயிண்ட் (மார்போட உச்சி) வரைக்கும் உயரம், ஒரு பாயிண்ட்டுக்கும் இன்னொரு பாயிண்ட்டுக்கும் நடுவுல தூரம், மார்புக்குக் கீழ சுத்தளவு, புஜம், இதெல்லாம் அளக்காம வெட்டினா குத்துமதிப்புதான். டார்ட் முனை பாயிண்ட்டைத் தொடக்கூடாது, முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் முன்னாடியே நிக்கணும். தொட்டா கூம்பு மாதிரி கூரா நிக்கும், பார்த்திருப்பீங்க.

அளவு கொடுக்கும்போது மூச்சைப் பிடிச்சு வயித்தை உள்ள இழுக்காதீங்க. அந்தப் புடவைக்கு எந்த பிரா போடப் போறீங்களோ அதையே போட்டுட்டு வாங்க, பிரா மாறினா ஒரு இஞ்ச் ஒன்றரை இஞ்ச் சாதாரணமா மாறிடும்.

ஒரு பிராண்ட்ல எம், இன்னொண்ணுல எக்ஸ்எல். என் உடம்புல ஏதாவது கோளாறா?

உங்க உடம்புல ஒண்ணும் இல்ல. இந்த சைஸ் நம்பர் கதையே விசித்திரமானது. 1939-40ல அமெரிக்க விவசாயத் துறை சுமார் 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடத்துல அளந்துச்சு (விவசாயத் துறைக்கு இது என்ன வேலைன்னு கேக்காதீங்க, அவங்களுக்குள்ளதான் வீட்டுப் பொருளாதாரம்னு ஒரு பிரிவு இருந்துச்சு). தானா முன்வந்து அளவு கொடுத்தவங்களைத்தான் அளந்தாங்க, அதுலயும் கணக்குல சேர்த்தது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். அதை வெச்சுத்தான் 1958ல அங்க அரசாங்கமே ஒரு சைஸ் ஸ்டாண்டர்டு கொண்டுவந்துச்சு, உடம்புங்க அதுக்குள்ள அடங்கல, 1983ல வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு சார்ட்.

நம்ம நாட்டுல ரொம்ப காலமா அமெரிக்க, பிரிட்டிஷ் சார்ட்டைத்தான் அங்க இங்க தட்டி ஓட்டிக்கிட்டிருக்காங்க. அதை மாத்தறதுக்குத்தான் நிஃப்ட்ங்கற மத்திய அரசு ஃபேஷன் கல்லூரி இந்தியாசைஸ்னு ஒரு திட்டம் எடுத்து 25,000 பேரை 3டி ஸ்கேனர்ல அளக்கறதுன்னு ஆரம்பிச்சாங்க. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங்னு ஆறு ஊர், அதுல நம்ம சென்னை இல்ல. திருப்பூரை இவ்வளவு பக்கத்துல வெச்சுக்கிட்டு நம்ம அளவை விட்டுட்டாங்களேன்னு எனக்கு ஒரு ஆதங்கம்.

கிராஸ் கட், பிரின்சஸ் கட், கட்டோரி இதுல எனக்கு எது?

இதுக்குக் கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும், ஏன்னா பாதிப் பேர் பேரை மட்டும் கேட்டுட்டு வந்து கேக்கறாங்க.

துணியில நெடுக்க ஒரு நூல், குறுக்க ஒரு நூல் ஓடுது இல்லையா, அந்த ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க, பெருசா கொடுக்காது. மூலைக்கு மூலை இழுத்தா நல்லா கொடுக்கும், நூலு அப்படியே சாஞ்சு நகர்ந்து இடம் விடும். முன்துணியை அந்த மூலைவாக்குல 45 டிகிரி சாய்ச்சுப் போட்டு வெட்டறதுதான் கிராஸ் கட். லைக்ரா கலக்காத சாதா காட்டன்லயே மார்போட படிஞ்சு நிக்கிறதுக்குக் காரணம் இதுதான். பட்டியை மட்டும் நேர்நூல்ல வெட்டணும், அதையும் கிராஸ்ல வெட்டினா ரெண்டு தடவை துவைச்சதும் இளிச்சிடும்.

இதே வித்தையை வெச்சு முழு கவுனையே தைச்ச ஒரு அம்மா பாரிஸ்ல இருந்தாங்க, மேடலின் வியோனேன்னு பேரு, 1876ல பொறந்தவங்க, 1912ல சொந்தக் கடை ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல அங்க பொம்பளைங்க விலாவை இறுக்கிக் கட்டற கார்செட் போட்டாத்தான் கவுனே நிக்கும்னு இருந்துச்சு. இவங்க பேப்பர்ல படம் போடாம, ஒரு சின்ன மரப் பொம்மை மேல துணியைச் சுத்தி, எந்தப் பக்கம் சாய்ச்சா எங்க விழுதுன்னு பார்த்து வெட்டினவங்க. இடுப்பு இருக்கிற இடத்துல துணி தானா இடுப்பு பிடிக்கும், உள்ள கம்பி எதுவும் வேண்டாம். கிராஸ்ல வெட்டினா துணி நிறைய தின்னும்கறதால வழக்கத்தைவிட அகலமா நெய்யச் சொல்லி வாங்குனாங்க. நம்ம புடவையோட வர்ற 80 சென்டிமீட்டர் பிட்டுலயும் அதே தகராறுதான், பெரிய சைஸுக்கு கிராஸ் கட்னா ஒரு மீட்டர் எடுத்துக் கொடுங்க. கட்டம் போட்ட துணின்னா முன்னாடி கட்டமெல்லாம் டைமண்டா சாஞ்சு நிக்கும், அப்புறம் வந்து "என்ன இப்படி வெட்டிட்டீங்க"ன்னு கேக்கக்கூடாது.

பிரின்சஸ் கட்ல டார்ட்டே தெரியாது, ஆர்ம்ஹோல்ல (ஜாக்கெட்ல கை சேர்ற வளைவு) இருந்து பாயிண்ட் வழியா கீழ வரைக்கும் ஒரு வளைவான தையல் ஓடும், டார்ட் அதுக்குள்ளயே மறைஞ்சிடும். மார்பு பெருசா இருக்கிறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், நெடுக தையல் இருக்கறதால எங்க வேணும்னாலும் கொஞ்சம் பிடிச்சுக்கலாம், விட்டுக்கலாம். கட்டோரில கப் தனித் துண்டா வரும், ஷேப் பிரமாதமா இருக்கும், ஆனா அளவு ஒரு நூல் தப்பினாலும் காட்டிக் கொடுத்துடும், கை தேர்ந்த டெய்லர்கிட்ட மட்டும் கொடுங்க. காஞ்சிபுரம் பட்டு மாதிரி கொஞ்சமும் கொடுக்காத துணிக்கு பிரின்சஸ், காட்டனுக்கு கிராஸ், இது என் கணக்கு. லைனிங் துணியைத் தண்ணியில நனைச்சுக் காய வெச்சுட்டுதான் வெட்டணும், இல்லன்னா முதல் துவையல்ல லைனிங் சுருங்கி மேல் துணி பப்புன்னு நிக்கும்.

கையைத் தூக்கினா ஜாக்கெட்டே மேல ஏறுது, ஆர்ம்ஹோலை இன்னும் இறக்கி விடுங்க?

இறக்கினா இன்னும் மோசமாகும்! ஆர்ம்ஹோல் கீழ போகப் போக கைத்துணி உடம்போட ஒட்டிக்கும், கையைத் தூக்கும்போது சைடு மொத்தத்தையும் சேர்த்து இழுத்துக்கிட்டு போகும். அக்குளை ஒட்டி, வெட்டாத அளவுக்கு மேல ஏத்தி வெட்டினாத்தான் கை ஃப்ரீயா அசையும். போர்டுல எழுதற டீச்சருங்க, டான்ஸ் ஆடறவங்க, பஸ்ல மேல கம்பி பிடிச்சு நிக்கிறவங்க எல்லாருக்கும் இதான் மருந்து. அதுவும் பத்தலன்னா அக்குள்ல டைமண்ட் மாதிரி ஒரு சின்ன ஒட்டு கிராஸ்ல வெச்சுக் கொடுக்கலாம், வெளிய தெரியவே தெரியாது. புஜத்துல டேப்பை ஒட்டி அளந்த அளவுக்கு மேல ஒரு இஞ்சாவது விடணும். கை டைட்டா இருந்தாத்தான் அழகுன்னு ஒரு எண்ணம் ஓடுது, சாயந்திரம் கழட்டும்போது கையில தடம் விழுந்திருந்தா அது டைட் இல்ல, தப்பான அளவு.

குண்டா இருக்கிறவங்க குறுக்குக் கோடு போடக்கூடாதாமே?

யாரு சொன்னா? 19ஆம் நூற்றாண்டுலயே ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி ஒரே அளவுல ரெண்டு சதுரம் போட்டுக் காட்டினார், குறுக்குக் கோடு போட்ட சதுரம்தான் உயரமா, ஒல்லியா தெரியும். 2011ல இங்கிலாந்துல யார்க் யுனிவர்சிட்டி ஆளுங்க பெண்கள் படத்துல கோடு போட்ட டிரெஸ் மாட்டி ஆளுங்ககிட்ட காட்டி டெஸ்ட் பண்ணாங்க, குறுக்குக் கோடு குண்டா காட்டல. கோடு போட்ட துணில நிஜமா கண்ணை உறுத்தறது வேற விஷயம், ஜாக்கெட் எங்க பிடிக்குதோ அங்க கோடு வளைஞ்சு ஊருக்கே சொல்லும். ஃபிட்டிங் சரியா இருந்தா எந்தக் கோடும் போடலாம். கருப்பு, ஸ்லீவ்லெஸ், பெரிய பூ எல்லாத்துக்கும் இதே பதில்தான், பிடிச்சா போடுங்க.

ஆப்பிள், பேரிக்கான்னு சொல்றாங்களே, நான் எந்த ஷேப்?

தெரியல, தெரிஞ்சுக்கவும் ஆசையில்ல. பழம் பேரைச் சொன்னா நான் எங்க வெட்டறது? இடுப்பு 36, மார்பு 34, முதுகு நீளம் 14னு சொல்லுங்க, வெட்டறேன்.

எனக்கு ஒரு தோள் இறங்கி இருக்கும், ஒரு பக்கம் மார்பு பெருசு. சொல்லவே கூச்சமா இருக்கு.

இதுல கூச்சத்துக்கு என்ன இருக்கு, கடைக்கு வர்றவங்கள்ல ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கிறவங்கதான் அபூர்வம். பள்ளிக்கூடப் பை, இடுப்புல தூக்கின பிள்ளை, ஒரே பக்கமா மாட்டற ஹேண்ட்பேக்னு தோள் இறங்கறதுக்கு ஆயிரம் காரணம். துணியை மடிச்சுப் போட்டு ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டறது டெய்லருக்கு ஈஸி, அதனாலதான் சொல்லாம விட்டா அப்படியே வெட்டிடுவாங்க. சொன்னீங்கன்னா பெரிய பக்கத்துக்கு டார்ட் ஆழம் தனியா, இறங்கின தோளுக்கு கால் இஞ்ச் குறைச்சு வெட்டிக் கொடுப்பாங்க. முதுகெலும்பு வளைஞ்சு இருக்கிறவங்களுக்கு நாலு துண்டையும் தனித்தனியா வெட்டணும், கூட ஒரு டிரையல் பார்த்துக்கலாம்.

மார்பக ஆபரேஷன் ஆனவங்களுக்குத் தைப்பீங்களா?

தாராளமா. டாக்டர் சரின்னு சொன்னதும் வாங்க, காயம் ஆறற வரைக்கும் தொளதொளன்னு காட்டன் சட்டைதான் நல்லது. முன்பக்க ஓப்பன் கண்டிப்பா, கையைப் பின்னாடி கொண்டு போறது கஷ்டம். உள்ளே மல் காட்டன் லைனிங், தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கமா திருப்பித் தைக்கணும், தழும்பு மேல உரசக்கூடாது. செயற்கை மார்பு வெக்கிறவங்களுக்கு லைனிங்ல ஒரு பாக்கெட் தைச்சுக் கொடுத்தா குனியும்போது நகராது. வெக்காம அப்படியே இருக்கிறேன்னு சொல்றவங்களும் உண்டு, அவங்களுக்கு அந்தப் பக்கம் டார்ட்டே இல்லாம சமமா வெட்டி முடிச்சிடலாம், அது முழுக்க அவங்க இஷ்டம், டெய்லர் அட்வைஸ் பண்ற இடம் இல்ல. அக்குள்ல நெறிக்கட்டி எடுத்தவங்களுக்கு அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு, அதனால ரெண்டு கையையும் தனியா அளக்கணும், அந்தப் பக்கக் கை எங்கயும் பிடிக்கக்கூடாது.

பால் கொடுக்கிறவங்களுக்கு பிரின்சஸ் தையல்லயே மறைவா ஜிப் வெக்கலாம், பட்டு ஜாக்கெட்லகூட.

புடவைக்கு ஷேப்வேர் போட்டாத்தான் நல்லா நிக்குமா?

ஒரு விசேஷத்துக்கு ரெண்டு மணி நேரம் போடறது உங்க விருப்பம். தினமும் இடுப்பை இறுக்கிக் கட்டறதை மட்டும் நான் வேணாம்னுதான் சொல்வேன். உள்பாவாடை நாடாவையே சொல்றேன். 2024ல பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல நம்ம நாட்டுப் பெண்கள் ரெண்டு பேரைப் பத்தி வந்துச்சு, வருஷக்கணக்கா இடுப்புல ஒரே இடத்துல இறுக்கிக் கட்டி, தோல் புண்ணாகி, ஆறாம, அது தோல் கேன்சராவே மாறியிருக்கு. அபூர்வம்தான், பயப்பட வேண்டாம், ஆனா இடுப்புல கருத்துப் போய் அரிக்கிற தடம் நம்ம வீட்டுப் பெரியவங்க நிறைய பேருக்கு இருக்கும். நாடாவுக்குப் பதிலா மூணு இஞ்ச் அகலப் பட்டி வெச்சு ஹூக் போட்டு தைங்க, கொசுவமும் நழுவாது.

இந்த இறுக்கற வியாதி எல்லா ஊர்லயும் இருந்ததுதான். பாரிஸ்ல போல் புவாரேன்னு ஒரு டிசைனர் 1906 வாக்குல கார்செட் வேண்டாம்னு டிரெஸ் பண்ணிப் பெரிய பேர் வாங்கினார், நாலஞ்சு வருஷத்துலயே காலைக் கட்டிப் போட்ட மாதிரி நடக்கவே முடியாத ஒரு குறுகின பாவாடையைக் கொண்டு வந்துட்டார்! அப்புறம் 1947ல டியோர்னு இன்னொரு பாரிஸ் டிசைனர் வந்து மறுபடியும் இடுப்பைச் சுருக்கினார்.

புடவை மட்டும் எப்படி எல்லா உடம்புக்கும் செட் ஆகுது?

தைக்காத துணிங்கறதாலதான். அஞ்சரை மீட்டர் துணியில இடுப்பு அகலமா இருந்தா கொசுவம் ரெண்டு குறையும், ஒல்லியா இருந்தா ரெண்டு கூடும், குள்ளமா இருந்தா இடுப்புல ஒரு மடிப்பு. பிள்ளை உண்டானாலும் அதே புடவைதான். வயல்ல குனிஞ்சு வேலை செய்யறவங்க கண்டாங்கியைப் பின்கொசுவம் வெச்சுக் கட்டினதும், ஒன்பது கஜத்துல மடிசார் கட்டறதும் அவங்கவங்க நடைக்கும் வேலைக்கும் ஏத்தபடிதான். ரிதா கபூர் சிஷ்டின்னு ஒரு புடவை ஆய்வாளர் நாடு முழுக்க அலைஞ்சு 108 கட்டு முறையைப் பதிவு பண்ணியிருக்காங்க, நம்ம ஃபங்ஷன்ல எல்லாரும் ஒரே கட்டுல வந்து நிக்கிறோம்.

ஜாக்கெட்ல இவ்வளவு டிசைன் எதுக்கு, பாரம்பரியமா போடக்கூடாதான்னு மாமியார் கேக்கறாங்க.

எந்தக் காலத்துப் பாரம்பரியம்னு அத்தைகிட்ட மெதுவா கேளுங்க, அவங்க பாட்டி ரவிக்கையே போடாம கூட இருந்திருப்பாங்க. கன்னியாகுமரிப் பக்கம் தோளை மறைக்கிற உரிமைக்கே நாடார் பெண்கள் பல வருஷம் அடி வாங்கிப் போராடி 1859ல திருவாங்கூர் ராஜா உத்தரவு போட்டார், அதுலயும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை. வங்காளத்துல தாகூர் அண்ணி ஞானதாநந்தினி தேவிதான் புடவைக்கு ஜாக்கெட், உள்பாவாடைன்னு போடற வழக்கத்தைப் பரப்பினவங்க. புஃப் கை இங்கிலீஷ்காரங்ககிட்ட இருந்து வந்தது. அத்தைக்கு முக்கால் கை, ஏறின கழுத்துல அழகா ஒண்ணு தைச்சுக் கொடுங்க, அதுக்கப்புறம் பேச்சு குறையும்.

ஒரே டிரெஸ் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் போடற மாதிரி கிடைக்குமா?

கயிறு கட்டற மாடல் எல்லாமே அப்படித்தான். 1974ல டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க்னு ஒரு டிசைனர் அமெரிக்காவுல ராப் டிரெஸ்னு கொண்டு வந்தாங்க, பனியன் துணி மாதிரி ஜெர்ஸி, முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணு சுத்தி இடுப்புல கட்டிக்கறது, ஜிப் பட்டன் எதுவும் இல்ல, ரெண்டு வருஷத்துல பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. நம்ம ஊர்ல குர்த்தியை அந்த மாதிரி தைக்கலாம், ஜாக்கெட்ல முதுகுக் கயிறு. நைட்டியும் இந்த லிஸ்ட்ல வரும், யாரும் அதை டிசைன்னு மதிக்கிறதில்ல, ஆனா தமிழ்நாட்டுல எல்லா உடம்பும் நிம்மதியா இருக்கிற ஒரே உடுப்பு அதுதான்.

போட்டோ காட்டினா அப்படியே வருமா?

கழுத்து டிசைன் வரும். ஃபிட்டிங் அப்படி வராது, போட்டோவுல மாடல் முதுகுக்குப் பின்னாடி கிளிப் போட்டு இழுத்துப் பிடிச்சிருப்பாங்க, நமக்குத் தெரியாது.

டிரையல்ல என்ன பார்க்கணும்?

கண்ணாடி முன்னாடி ஆடாம நின்னு பார்த்துட்டுப் போயிடாதீங்க. உக்காருங்க, குனிஞ்சு செருப்பு மாட்டற மாதிரி பண்ணுங்க, கொண்டை போடற மாதிரி ரெண்டு கையையும் பின்னாடி தூக்குங்க, ஆழமா மூச்சு இழுங்க. சுருக்கம் எந்தப் பக்கம் சாஞ்சு போகுதோ அங்கதான் பிடிக்குது, அக்குள்ல இருந்து பாயிண்ட்டைப் பார்த்துச் சாய்ஞ்சா மார்புக்குத் துணி பத்தல, தோள்ல இருந்து கழுத்துக்குச் சாய்ஞ்சா ஷோல்டர் சரிவு தப்பு. அங்கயே சொல்லிடுங்க, "பரவால்ல, விடுங்க"ன்னு வாங்கிட்டுப் போனா அது பீரோவுலதான் கிடக்கும்.

சுடிதார்ல பாக்கெட் வெப்பீங்களா?

வெப்போம். போன் சைஸ் சொல்லுங்க.